ஓட்ரீ: ரெண்டு வருசம், மூணு பேரு, ஒரே லிங்க்

முதல்லயே சொல்லிடறேன், இது எல்லாருக்குமான சாஃப்ட்வேர் இல்ல. பிஹேவியரல் எகனாமிக்ஸ், எக்ஸ்பெரிமெண்டல் எகனாமிக்ஸ்னு சொல்றாங்கல்ல, ஆளுங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, நிஜக் காசைக் கையில குடுத்து, ஒருத்தரோட ஒருத்தர் விளையாட விட்டு, மனுசங்க காசு விசயத்துல எப்படி முடிவு எடுக்கறாங்கனு பாக்கற வேலை, அதுக்கானது. அந்த ஆட்டத்தை ஸ்க்ரீன்ல ஓட்டறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் வேணும், யாரு யாரோட ஜோடி, யாரு எவ்வளவு போட்டாங்க, யாருக்கு எவ்வளவு காசு குடுக்கணும்னு எல்லாத்தையும் அதுதான் கணக்கு வச்சுக்கும். ஓட்ரீ அந்த வேலையைச் செய்யுது. காசு கிடையாது, சும்மாவே இறக்கிக்கலாம், ஆராய்ச்சிப் பேப்பர் போடும்போது இதை எழுதின டேனியல் சென், மார்ட்டின் ஷோங்கர், கிறிஸ் விக்கன்ஸ் மூணு பேரும் 2016ல போட்ட பேப்பரை ரெஃபரன்ஸ்ல குறிப்பிடணும், அதுதான் விலை.

நான் பிஎச்டி ஸ்காலர், தென் மாவட்டத்துல ஒரு காலேஜ். எங்க டீம் மூணு பேர். எங்க கைடு மேடம், அவங்க சைக்காலஜியில இருந்து வந்தவங்க. ஜெர்மனியில ஒரு யுனிவர்சிட்டியில இருக்கற ஒரு எகனாமிஸ்ட், எங்களுக்குள்ள அவருக்கு ஜெர்மனி சார்னு பேரு, அவரு பேர் சொல்லியே கூப்பிடுங்கனு ஒவ்வொரு மீட்டிங்லயும் சொல்வாரு, எனக்கு இன்னைக்கு வரைக்கும் வாய் வரல. மூணாவது நான். அப்பறம் கம்ப்யூட்டர் கோடு எழுத எம்சிஏ படிக்கற ஒரு தம்பி, பேப்பர்ல பேரு வராது, ஆனா பாதி சண்டை அவன் எழுதின வரியாலதான் வந்துச்சு, அதுக்கு வரேன்.

இந்த மாதிரி மூணு பேரு மூணு இடத்துல இருந்துகிட்டு ஒரே எக்ஸ்பெரிமெண்டைப் பண்றதுக்கு ஓட்ரீ எப்படினுதான் நான் எழுதப் போறேன். தனியா ஒருத்தரா பண்றவங்களுக்கு இதுல பாதி தேவைப்படாது.

ஜெர்மனி சார் பழைய இசட்-ட்ரீ ஆளு. தெரியாதவங்களுக்கு, இது வர்றதுக்கு முன்னாடி உலகம் பூரா லேப்ல ஓடினது இசட்-ட்ரீதான், ஸூரிக்ல ஊர்ஸ் ஃபிஷ்பாக்கர் எழுதினது, அதைப் பத்தின பேப்பர் 2007ல வந்துச்சு, சாஃப்ட்வேர் அதுக்குப் பல வருசம் முன்னாடியே புழக்கத்துல இருந்துச்சு. நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன், ஒரு தலைமுறையே அதுலதான் பேப்பர் போட்டிருக்கு. ஆனா விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும், ஒவ்வொரு மெஷின்லயும் இசட்-லீஃப்னு ஒண்ணைத் திறந்து வைக்கணும், செல்போன்ல விளையாட விடலாம்ங்கற பேச்சே இல்ல. அதைவிட பெரிய தொல்லை, ஆட்டம் பூரா ஒரு ஃபைலுக்குள்ள அடைச்சு வச்சிருக்கும், அந்த சாஃப்ட்வேர்லயே திறந்தாத்தான் தெரியும், நேத்து ராத்திரி கூட இருக்கறவரு எந்த இடத்தை மாத்தினாருனு பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாக்கறது லேசுல நடக்காது. ஆரம்பத்துல மெயில்ல ஃபைனல், ஃபைனல் ரெண்டு, நிஜமாவே ஃபைனல்னு ஃபைல் போய் வந்துகிட்டு இருந்துச்சு, எது ஓடின வெர்சன்னு யாருக்கும் தெரியல. மூணாவது மாசம் நான்தான் ஓட்ரீக்கு மாறலாம்னு சொன்னேன், அவரு முனகிகிட்டே ஒத்துக்கிட்டாரு.

ஓட்ரீ பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழியில எழுதறது. எல்லாமே சாதா டெக்ஸ்ட் ஃபைல், கிட்ஹப்னு கோடு ஃபைலைச் சேர்ந்து வச்சுக்கற ஒரு தளத்துல போட்டு வச்சா யாரு எந்த வரியை எப்ப மாத்தினாங்கனு சிவப்பு பச்சையில தெரியும். இந்த ஒரு விசயத்துக்காகவே கூட்டா வேலை செய்யறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ப்ரவுசர்ல ஓடும், அதனால லேப்டாப், டேப்லெட், அம்மா வச்சிருக்கற பழைய செல்போன், எதுல வேணா ஓடும். பைத்தானோட பிப்ங்கற இன்ஸ்டாலர் வச்சு இன்ஸ்டால் பண்ண அஞ்சு நிமிசம். கூடவே சாம்பிள் ஆட்டங்கள் வருது, டிக்டேட்டர் கேம், ட்ரஸ்ட் கேம், பப்ளிக் குட்ஸ் எல்லாம் இருக்கு, அதை எடுத்து நம்ம தேவைக்கு மாத்திக்கலாம். பைத்தான் சுத்தமா வராதுன்னா ஓட்ரீ ஸ்டுடியோனு மவுஸ்ல க்ளிக் பண்ணியே கட்டற மாதிரி ஒண்ணு இருக்கு, நாங்க அதுல ஆரம்பிச்சோம், ரெண்டு வாரத்துல தம்பி அதை விட்டுட்டு நேரா கோடுக்கே போயிட்டான்.

எங்க ஆட்டம் பப்ளிக் குட்ஸ். நாலு பேரு, ஆளுக்கு 20 டோக்கன், பொதுவுல எவ்வளவு போடறீங்களோ போடுங்க, பொதுவுல சேர்ந்த ஒவ்வொரு டோக்கனுக்கும் நாலு பேருக்கும் ஆளுக்கு 0.4 திரும்ப வரும், போட்டவருக்கும் சரி போடாதவருக்கும் சரி. எல்லாரும் 20 போட்டா ஆளுக்கு 32. நான் மட்டும் போடாம மத்த மூணு பேரு போட்டா எனக்கு 44, அவங்களுக்கு 24. அங்கதான் விளையாட்டே. அதுக்கு மேல, அடுத்தவரு எவ்வளவு போட்டாருனு பாத்துட்டு, நம்ம காசுல ஒண்ணு செலவு பண்ணி அவரு காசுல மூணு குறைக்கலாம். 2000ல எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கேக்டர்னு ரெண்டு எகனாமிஸ்ட் போட்ட பேப்பர்ல இருந்து வர்ற குடும்பம் இது. 2008ல ஹெர்மன், தோனி, கேக்டர் மூணு பேரும் இதையே 16 ஊர்ல பண்ணாங்க, பாஸ்டன்ல இருந்து மஸ்கட் வரைக்கும், சில ஊர்கள்ல ஜனங்க போடாதவனை மட்டும் இல்லாம நிறைய போட்டவனையும் சேர்த்துத் தண்டிச்சாங்க, அதான் பெரிய செய்தி. அந்த 16ல இந்திய ஊர் ஒண்ணு கூட கிடையாது. மேடம் இதை ஒரு மீட்டிங்ல சொன்னதுதான் எங்க ப்ராஜெக்டோட பிள்ளையார் சுழி.

இப்ப சாஃப்ட்வேர் விசயத்துக்கு வரேன். டெமோ மோட்ல ஒரு ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் இருக்கு, ஒரே ஸ்க்ரீன்ல எல்லா ப்ளேயரோட பக்கமும் தெரியும், நீங்களே நாலு பேரா இருந்து விளையாடிப் பாத்துக்கலாம். இதை சர்வர்ல போட்டுட்டா ஆளுக்கு ஒரு லிங்க். மொத தடவை நாங்க மூணு பேரும் தம்பியும் சேர்ந்து விளையாடினோம், நானும் மேடமும் தம்பியும் மரியாதைக்கு 20 போட்டோம், ஜெர்மனி சார் 0 போட்டாரு. மைக்ல சிரிப்பு சத்தம் மட்டும் கேக்குது. மேடம் அடுத்த ரவுண்டுல அவரு காசை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைச்சாங்க.

சிரிப்பு இருக்கட்டும், அந்த ஒரு மணி நேரத்துல வெளிய வந்த சண்டை ஆறு மாசம் வேர்ட் டாக்குமெண்ட்டை மாத்தி மாத்தி அனுப்பினதுல வரல. டாக்குமெண்ட்ல எல்லாருமே தலையாட்டிடுவோம். அதையே விளையாடும்போதுதான் "ஏன் இந்தப் பக்கத்துல மத்தவங்க வரிசை மாறாம அப்படியே இருக்கு, போன ரவுண்டுல யாரு குறைச்சாங்கனு தெரியக்கூடாதுன்னுதான வச்சோம்"னு ஒருத்தரு கேப்பாரு, "இல்லையே, நான் தெரியணும்னுதான் நினைச்சேன்"னு இன்னொருத்தரு சொல்வாரு.

இதுல பெரிய பாடம் டைம்-அவுட்தான், யூஸ் பண்ணப் போறவங்க இதை மட்டுமாவது படிச்சுட்டுப் போங்க. ஒரு பக்கத்துக்கு ரெண்டு நிமிசம்னு டைம் வைக்கலாம், டைம் முடிஞ்சா பக்கம் தானா சப்மிட் ஆயிடும். அந்த நேரத்துல ஆளு எதுவும் டைப் பண்ணலைன்னா நம்பர் இருக்க வேண்டிய இடத்துல 0 போயிடும். இது ரகசியம் இல்ல, டாக்குமெண்டேசன்ல தெளிவா எழுதியிருக்கு, நாங்கதான் படிக்கல. யோசிச்சுப் பாருங்க, எங்க ஆட்டத்துல 0ன்னா என்ன அர்த்தம்? பொதுக்காசுல ஒண்ணும் போடாம ஓசியில சாப்பிடற ஆளு. பைலட்ல, அதாவது சோதனை ஓட்டத்துல, கீபோர்டு பழக்கம் இல்லாத ஒரு அம்மா தமிழ் விளக்கத்தைப் பொறுமையா எழுத்துக் கூட்டிப் படிச்சுகிட்டு இருந்திருக்காங்க, டைம் போச்சு, எங்க டேட்டாவுல அவங்க சுயநலவாதி. அதோட விடல, மத்த மூணு பேரும் சேர்ந்து அவங்களுக்கு காசைக் குறைச்சிருக்காங்க. அந்த அம்மா வெளிய வந்து "நான் ஒண்ணுமே பண்ணலையே சாமி, எதுக்கு எனக்கு மட்டும் கொறைஞ்சது"னு கேட்டப்பதான் எங்களுக்கே தெரியும். டைம் முடிஞ்சுதான் போச்சாங்கறதைத் தனியா பிடிக்க ஓட்ரீயிலயே வழி இருக்கு, ரெண்டு வரி எழுதினா போதும். ஆனா அந்த ரெண்டு வரியில என்ன எழுதறதுனு முடிவு பண்ணத்தான் எங்களுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. போன ரவுண்டு நம்பரையே போடலாமா, அந்த குரூப்பையே தூக்கிடலாமா, டைமே வேணாமா. கடைசியில டைமை எடுத்துட்டோம், லேட்டானா ஆகட்டும்னு. இப்பத்தான் புரியுது, தம்பி எழுதற ஒவ்வொரு வரியும் ரிசர்ச் முடிவு, நாங்க அதை டைப்பிங் வேலைனு நினைச்சுகிட்டு இருந்தோம்.

தமிழ் விசயம். ஸ்க்ரீன்ல தமிழ் வர்றதுல ஒரு பிரச்சினையும் இல்ல, எழுத்து உடையல, பட்டன்ல கூட தமிழ் போட்டுக்கலாம். பிரச்சினை வார்த்தையில. இங்கிலீஷ் விளக்கத்துல குரூப் அக்கவுண்ட்னு இருந்துச்சு, நான் குழுக் கணக்குனு போட்டேன், டிக்சனரிப்படி சரி. கிராமத்துல பொம்பளைங்களுக்குக் குழுன்னா ஒரே அர்த்தம், மகளிர் குழு. குழுவுக்குப் போறேன், குழுவுல லோன் எடுத்திருக்கேன். குழுக் கணக்குனு பாத்ததும் பாதிப் பேரு, "இதுல போடலைன்னா அடுத்த லோன் வராதா"னு கேட்டாங்க. சரினு ஊர்ப் பொதுக்காசுனு மாத்தினேன், இப்ப கோயில் வரி ஞாபகம் வந்துடுச்சு, எல்லாரும் 20 போடறாங்க, சாமி காரியம் பாருங்க. உண்டியல்ங்கற வார்த்தையை மேடம் எடுத்த எடுப்புலயே அடிச்சுட்டாங்க. எகனாமிக்ஸ் எக்ஸ்பெரிமெண்ட்ல வார்த்தை ஒரு பக்கமும் சாயக்கூடாதுங்கறது எழுதாத சட்டம், அதனாலதான் இங்கிலீஷ்ல பனிஷ்மெண்ட்னு கூட போட மாட்டாங்க, கழிக்கற புள்ளினு போடுவாங்க. நாங்க கழிப்புப் புள்ளினு போட்டோம், ஜனங்க அவங்களே அதுக்கு அபராதம்னு பேரு வச்சுகிட்டாங்க. பார்ட்னர்ங்கறதுக்கு கூட்டாளினு போட்டா ஒரு மாதிரி, எதிர்ல இருக்கறவர்னு போட்டா எதிராளி மாதிரி. கடைசியில நிறத்தை வச்சு முடிச்சோம். சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி, மத்த மூணு பேரு, அவ்வளவுதான். ஒரு தாத்தா மட்டும் "இது சீட்டு மாதிரிதான, தள்ளு யாருக்கு"னு கேட்டாரு, உண்மையில எங்க எல்லாரையும் விட அவருக்குத்தான் ஆட்டம் சீக்கிரம் புரிஞ்சுச்சு.

இந்த மொழிபெயர்ப்பு ஃபைலையும் கோடோட சேர்த்தே வச்சுக்க முடியறது பெரிய நிம்மதி. வேற ஒரு அக்கா தமிழைப் படிச்சு திரும்ப இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தாங்க, ஜெர்மனி சார் அதைப் பாத்துதான் ஒத்துக்கிட்டாரு, எந்த வார்த்தை எப்ப ஏன் மாறுச்சுங்கறது எல்லாம் ஹிஸ்டரியில இருக்கு.

அடுத்த பஞ்சாயத்து ஆள் கணக்கு. நாலு பேரு சேர்ந்தாத்தான் ஒரு குரூப். 12 பேரை வரச் சொன்னா 11 பேரு வருவாங்க, இல்ல 14 பேரு வருவாங்க, கூடவே ரெண்டு குழந்தைங்க. ஓட்ரீயில வந்த வரிசையில நாலு நாலா சேர்க்கற வசதி இருக்கு, நல்லா வேலை செய்யுது, ஆனா மிச்சம் இருக்கற மூணு பேரை அது என்ன பண்ணும். மேடம் ரொம்ப இயல்பா, "நாலாவது ஆளா கம்ப்யூட்டரையே வச்சுடுங்க, இதுலதான் பாட் இருக்கே, அவங்களுக்கு எங்க தெரியப் போகுது"னாங்க. பாட் இருக்குங்கறது வாஸ்தவம், ஆனா அது நம்ம கோடைச் சோதிக்கறதுக்கு வச்சது. ஜெர்மனி சார் முகமே மாறிடுச்சு. எகனாமிக்ஸ் லேப்ல ஆளுங்ககிட்ட பொய் சொல்லக்கூடாது, அது பெரிய எல்லைக்கோடு, அதைத் தாண்டினா எக்ஸ்பெரிமெண்டல் எகனாமிக்ஸ் ஜர்னல்ல பேப்பரே எடுக்க மாட்டாங்க. ஒரு தடவை பொய் சொன்னது தெரிஞ்சா அடுத்த தடவை வர்றவங்க எதையுமே நம்ப மாட்டாங்க, காசு நிஜமா வருமாங்கறதையும் சேர்த்து, இதுதான் எகனாமிக்ஸ் ஆளுங்களோட வாதம். சைக்காலஜியில தேவைப்பட்டா பொய் சொல்லலாம், முடிஞ்சதும் உண்மையை விளக்கிடணும்னு வழக்கம். ரெண்டுமே நேர்மையான வழக்கம்தான், ஆனா ஒரே டீம்ல ரெண்டும் இருந்தா என்ன பண்றது. அன்னைக்கு முடிவு, மிச்சம் வந்தவங்களுக்கு வந்ததுக்கான 100 ரூபாயைக் குடுத்து அனுப்பறது. பஸ்ஸுக்கு காத்திருந்து வந்த ஆளை விளையாடாமலே அனுப்பறது எனக்கு இன்னும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

கிராமத்துல ஓட்டினதுதான் ஓட்ரீயில எனக்கு ரொம்ப பிடிச்ச விசயம். நெட் தேவையில்ல. ஒரு லேப்டாப், ஒரு வைஃபை ரவுட்டர், 12 டேப்லெட், லேப்டாப்பே சர்வர், டேப்லெட் எல்லாம் அதோட ஐபி அட்ரஸுக்கு வந்துடும். ரூம்னு ஒரு வசதி இருக்கு, ஒரே லிங்க்கை நிரந்தரமா வச்சுக்கலாம், ஒவ்வொரு செசனுக்கும் புதுசா அடிக்க வேணாம். கரண்ட் போச்சு, லேப்டாப் பேட்டரியில ஓடுச்சு, ரவுட்டரை பவர் பேங்க்ல மாட்டினோம், விட்ட இடத்துல இருந்தே ஆட்டம் தொடர்ந்துச்சு, ஏன்னா ஒவ்வொரு பக்கமும் சப்மிட் ஆனதுமே டேட்டாபேஸ்ல ஏறிடுது. அட்மின் பக்கத்துல யாரு எந்தப் பக்கத்துல நிக்கறாங்கனு நேரடியா தெரியும், ரொம்ப நேரமா நிக்கறவங்களைத் தள்ளி விட ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்காதீங்க, மேல சொன்ன 0 கதைதான் திரும்ப வரும். அட்மின் பக்கத்தை ஜனங்களுக்குத் தெரியற மாதிரி வைக்காதீங்கனும் சொல்லணும், நான் ஒரு தடவை லேப்டாப்பைத் திருப்பி வச்சுட்டு தண்ணி குடிக்கப் போயிட்டேன், வந்து பாத்தா ஒரு அக்கா நிதானமா நின்னு படிச்சுகிட்டு இருக்காங்க, "அந்த நாலாவது ஆளு யாரு, எங்க தெருவா"னு கேக்கறாங்க. அந்த செசனைக் கணக்குலயே எடுக்கல.

காசு குடுக்கறதுக்கு பேமெண்ட்ஸ்னு தனிப் பக்கம், யாருக்கு எவ்வளவுனு வரும், டோக்கனை ரூபாய் ஆக்கற கணக்கை முதல்லயே செட் பண்ணிடலாம். 10 ரவுண்டுக்கு சராசரியா ஒரு ஆளுக்கு நாள் கூலியில பாதி கிட்ட வந்துச்சு. காலேஜ் பசங்க ஜிபே கேட்டாங்க, ஊர்ல கவர்ல போட்டுக் குடுத்தோம். இது ஓட்ரீ குத்தம் இல்ல, ஆனா சொல்லியே ஆகணும், கணக்கு பாக்கற ஆபீஸ் ஒண்ணு எங்ககிட்ட வாங்கினவங்க பேரு, கையெழுத்து, அட்ரஸ் எல்லாம் கேட்டுச்சு, எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிக் குடுத்ததுல பேரை எங்கயும் சேமிக்க மாட்டோம்னு இருக்கு. ரெண்டு பேப்பரும் என் கையில. நாலு மாசம் அலைஞ்சேன். கடைசியில கையெழுத்து ரசீதும் ஆட்டத்தோட நம்பரும் எங்கயும் ஒண்ணா சேராத மாதிரி ரெண்டு கட்டா பிரிச்சு வச்சுதான் முடிஞ்சுது.

குறைன்னா, பெரிய குறை வெர்சன். பழைய ஓட்ரீ ஜாங்கோங்கற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க் மேல கட்டினது, வெர்சன் 5ல அதைத் தூக்கிட்டாங்க, கோடு எழுதற ஸ்டைலும் மாறிடுச்சு, முன்னாடி மாடல்ஸ் ஒரு ஃபைல், பேஜஸ் ஒரு ஃபைல்னு இருந்தது இப்ப ஒரே ஃபைல். புதுசு நிஜமாவே சுலபம், வேகமும் கூட. ஆனா யாராவது தன் பேப்பரோட போட்டு வச்சிருக்கற 2018 கோடு ஃபைலை எடுத்து அப்படியே ஓட்டலாம்னு நினைச்சீங்கன்னா, எந்த வெர்சன்னு பாத்துட்டு இறங்குங்க. இணையத்துல தேடினா பழைய பதிலும் புதுப் பதிலும் கலந்து வரும், சாட்பாட்கிட்ட கேட்டா அதுவும் ரெண்டையும் கலந்து ஒரு அவியல் குடுக்கும். நீங்க ஓட்டின வெர்சன் நம்பரை முதல் நாளே எழுதி வச்சுக்கங்க.

சர்வர் இன்னொண்ணு. ஒரு காலத்துல ஹெரோக்குனு ஒரு வாடகை சர்வர் கம்பெனியில இலவசமா போட்டுக்கலாம், 2022 நவம்பரோட அந்த இலவசம் முடிஞ்சு போச்சு, இப்ப மாசக்காசு. பெரிய தொகை இல்ல, ஆனா ஸ்காலர்ஷிப்பே மூணு மாசம் லேட்டா வர்ற ஆளுக்கு வெளிநாட்டு கார்டு கேக்கற இடத்துல காசு கட்டறது தனிப் போராட்டம், எங்களுக்கு ஜெர்மனி சார்தான் கட்டறாரு.

அப்பறம் என் முட்டாள்தனம் ஒண்ணு. டெவலப் பண்ணும்போது புதுசா ஒரு கேள்வி சேர்த்தா பழைய டேட்டாபேஸ் ஒத்துக்காது, அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொல்லும். லேப்டாப்ல எல்லாம் ஒரே ஒரு சின்ன ஃபைல்லதான் இருக்கும். ராத்திரி 11 மணிக்கு நான் அதை அழிச்சேன், மதியம் எடுத்த பைலட்டும் அதுலதான் இருந்துச்சு. எக்ஸ்போர்ட் பண்ணலை. ஒரு மதியம் பூரா போச்சு, ரெண்டு குரூப், டீ, வடை, காசு எல்லாம். மேடத்துகிட்ட சொல்ல ரெண்டு நாள் ஆச்சு எனக்கு. இப்ப செசன் முடிஞ்சு கடைசி ஆளு வாசல் தாண்டறதுக்குள்ள டேட்டா இருக்கற சிஎஸ்வி ஃபைலை இறக்கி மூணு பேரோட ஃபோல்டர்லயும் போட்டுடறேன்.

அந்த மூணு ஃபோல்டர் விசயத்துல நான் ரொம்ப பிடிவாதமா இருக்கேன், அதுக்குக் காரணம் இருக்கு. 2012ல அஞ்சு பேரு சேர்ந்து ஒரு பேப்பர் போட்டாங்க, படிவத்தோட அடியில இல்லாம மேலயே கையெழுத்து வாங்கினா ஜனங்க உண்மை சொல்வாங்கனு. ஊரெல்லாம் பேசினாங்க. அதுல ஒரு எக்ஸ்பெரிமெண்ட் இன்சூரன்ஸ் கம்பெனி காரோட மைல் கணக்கு, டேட்டா ஒருத்தர் வழியா வந்துச்சு, மத்தவங்க அதை நம்பி எழுதினாங்க. 2021ல ஆராய்ச்சி டேட்டாவைச் சரிபாக்கற டேட்டா கொலாடாங்கற குரூப் அந்த எக்செல் ஃபைலை நோண்டினப்ப பாதி நம்பர் ஒரு ஃபாண்ட்லயும் பாதி நம்பர் இன்னொரு ஃபாண்ட்லயும் இருக்கு, கேலிப்ரியும் கேம்ப்ரியாவும், மைல் கணக்கும் 50,000 வரைக்கும் ஒரே சீரா பரவி இருக்கு, மனுசன் அப்படியா கார் ஓட்டுவான். அந்த வருசமே பேப்பரை வாபஸ் வாங்கிட்டாங்க. அஞ்சு பேரோட பேரும் அதுல இருந்துச்சு. அதைப் படிச்சதுல இருந்து டேட்டா எங்க மூணு பேருக்கும் ஒரே நாள்ல, யாரு கையும் படறதுக்கு முன்னாடி வரணும்னு நான் கேட்டுட்டேன். ஓட்ரீயில இது தானாவே நடக்குது, சர்வர்ல ஏறினது ஏறினபடி, மூணு பேருக்கும் அட்மின் பாஸ்வேர்டு. ஒரு ஸ்காலர் ஒரு பேராசிரியர்கிட்ட உங்க டேட்டாவைக் காட்டுங்கனு கேக்கற சங்கடமே இல்ல.

இன்னொண்ணு சொல்லணும். நம்ம பக்கத்துல எடுத்த டேட்டாவை வச்சு வந்த பெரிய பேப்பர் நிறைய இருக்கு. 2009ல வந்த ஒரு பேப்பர்ல மதுரைப் பக்கம் 87 பேரை வச்சு 4 ரூபா, 40 ரூபா, 400 ரூபா போனஸ்னு ஆட்டம் வச்சாங்க, பெரிய போனஸ் வந்தவங்கதான் மோசமா விளையாடினாங்க. சென்னையில 229 ரிக்‌ஷா ஓட்டறவங்களை வச்சு குடி பத்தி 2019ல வந்துச்சு, 452 பேரோட தூக்கம் பத்தி 2021ல வந்துச்சு, ராத்திரி கூட கொஞ்ச நேரம் தூங்க வச்சும் வேலையில பெருசா மாத்தம் இல்ல, மதியக் குட்டித்தூக்கம்தான் உதவுச்சுனு. எல்லாம் நல்ல வேலை, நான் கிளாஸ்ல அதையெல்லாம் சொல்லித்தான் பாடமே ஆரம்பிக்கறேன். ஆனா எனக்கு வேண்டியது டேட்டா எடுத்துக் குடுக்கற வேலை மட்டும் இல்ல, ஆட்டத்தைக் கட்டற இடத்துல உக்காரணும். குழுங்கற ஒரு வார்த்தையில டிசைனே கவுந்ததை ஜெர்மனியில உக்காந்து கண்டுபிடிக்க முடியாது. அது கோடுல ஒரு வரியா, என் பேருல, தேதியோட பதிவாகி இருக்கு. பேப்பர்ல பேரு வரிசை பத்தி பேச்சு வந்தப்ப எகனாமிக்ஸ்ல அகரவரிசைதான் வழக்கம்னாரு ஜெர்மனி சார், என் பேரு கடைசியில வருது. அமெரிக்கன் எகனாமிக் அசோசியேசன்ல குலுக்கல் போட்டு வரிசை வைக்க ஒரு டூலே இருக்கு, ரே, ராப்சன் ரெண்டு பேரு 2018ல சொன்ன யோசனை, பேருக்கு நடுவுல வட்டத்துக்குள்ள ஒரு ஆர் போடுவாங்க. நாங்க குலுக்கிட்டோம். அப்பவும் நான் கடைசிதான், ஆனா இப்ப கோவம் இல்ல.

எனக்கு ஸ்டார் குடுக்கச் சொன்னா 4. ஒரு ஸ்டார் குறைச்சது வெர்சன் குழப்பத்துக்கு. டீம்ல ஒருத்தருக்காவது பைத்தான் வரணும், வராத மத்தவங்க எல்லாரும் ஸ்ப்ளிட் ஸ்க்ரீன்ல முழு ஆட்டத்தையும் விளையாடிப் பாக்காம ஃபீல்டுக்கு அனுப்பக் கூடாது. எல்லாரும் ஒரே ரூம்ல, ஏற்கனவே இசட்-ட்ரீ ஓடிட்டு இருக்கற லேப்ல இருக்கீங்கன்னா மாறணும்னு அவசரம் இல்ல. ஆன்லைன்ல ஆளு பிடிச்சு நாலு பேரு ஆட்டம் ஆடறதா இருந்தா நடுவுல ஒருத்தரு ஜன்னலை மூடிட்டுப் போயிட்டா மத்த மூணு பேரும் வெயிட்டிங் பக்கத்துல தொங்கிகிட்டு நிப்பாங்க, அதுக்கு முதல்லயே என்ன பண்றதுனு எழுதி வச்சுக்கங்க, அவங்க காத்திருந்த நேரத்துக்குக் காசும் சேர்த்து. எங்க அடுத்த ரவுண்டு தை மாசம், அறுப்பு முடிஞ்சு ஜனங்க கொஞ்சம் சும்மா இருக்கற நேரம், தம்பிக்கு அதுக்குள்ள கேம்பஸ்ல வேலை கிடைச்சுடும் போல, அதனால நானே பைத்தான் கத்துகிட்டு இருக்கேன்.